ஒரு குடும்பம், இரண்டு பதிவு எண், 420 நாள்: சென்னைக் குடும்பக் காப்பகம் ஒன்றில் நடந்தது

எதற்காக எழுதுகிறேன்

மாநகராட்சியோடு சேர்ந்து ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் குடும்பக் காப்பகம் ஒன்றில் நான் வேலை செய்கிறேன். வீடில்லாமல் தெருவில் நின்ற ஒரு குடும்பம் எங்களிடம் வந்த நாளிலிருந்து வாடகை வீட்டுக்குக் குடிபோன நாள் வரைக்கும் என்ன நடந்தது, நாங்கள் என்ன முடிவு எடுத்தோம், எதில் தவறினோம் என்பதை இதே வேலையில் இருக்கும் மற்றவர்களுக்காக எழுதி வைக்கிறேன். ஆட்களின் அடையாளம் தெரியாமலிருக்க ஊர், தெரு, வேலை விவரங்களில் சிலதை மாற்றியிருக்கிறேன். நாள் கணக்கில் மட்டும் கை வைக்கவில்லை, ஏனென்றால் இந்த ஆய்வே அந்தக் கணக்கைப் பற்றியதுதான். எழுதியதை அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் "அப்படி இல்லைக்கா" என்றார், திருத்தினேன்.

பின்னணி

உணவு உரிமை வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது ஒரு கடமையாக வந்தது. 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதற்கு அளவுகளும் வைத்தது: ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்க இடம், ஒரு ஆளுக்கு 50 சதுர அடி. தங்க வருபவர்களுக்கு ஆதார், ரேஷன், பள்ளி, ஓய்வூதியம் போன்றவற்றை வாங்கிக் கொடுப்பதும் காப்பகத்தின் வேலை என்று அந்த வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. படுக்க இடம் கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்துவிடுவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். அந்த எண்ணிக்கையை பிப்ரவரி 28-ந் தேதி ராத்திரி, தெருவிலும் பிளாட்பாரத்திலும் பாலத்தடியிலும் படுத்திருந்தவர்களைப் பார்த்து எடுத்தார்கள். தங்கச்சி வீட்டு வராண்டாவில் ஒண்டிக்கொண்டிருப்பவர்கள் அதில் வரமாட்டார்கள். நான் சொல்லப்போகும் குடும்பமும் தெருவுக்கு வருவதற்கு முன் நாலு மாதம் அப்படி ஒரு வராண்டாவில்தான் இருந்தது.

சென்னையில் ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு, முதியவர்களுக்கு, மனநலம் குன்றியவர்களுக்கு என்று தனித்தனிக் காப்பகங்கள் இருக்கின்றன. பெரிய அரசு மருத்துவமனைகளின் வளாகத்தில் நோயாளிகளோடு வருபவர்கள் தங்கவும் இருக்கின்றன. புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடிய இடம் மட்டும் குறைவு. பாரிமுனைப் பக்கத்திலும் வால்டாக்ஸ் சாலையிலும் தலைமுறை தலைமுறையாகப் பிளாட்பாரத்தில் வாழும் குடும்பங்களிடம் காப்பகத்துக்கு வாங்க என்று கூப்பிட்டால் அவர்கள் முதலில் கேட்பது "ஆம்பளைங்களை எங்க அனுப்புவீங்க?" என்றுதான். பெண் பிள்ளை வைத்திருக்கும் தாய் ராத்திரியில் புருஷனை விட்டுத் தனியாகப் படுக்க மாட்டேன் என்று சொல்வதில் என்ன தப்பு இருக்கிறது?

தெருவுக்கு வந்த விதம்

கணவருக்கு 34 வயது, மீன்பாடி வண்டியில் சரக்கு ஏற்றி இறக்குபவர். மனைவிக்கு 29. மூத்தவள் ஐந்தாம் வகுப்பு, அடுத்தவன் இரண்டாம் வகுப்பு, கடைசிக் குழந்தைக்கு எட்டு மாதம். வடசென்னையில் ஒரே அறை உள்ள ஒண்டிக்குடித்தனம், வாடகை 3,500, பத்து மாத அட்வான்ஸ் 35,000. ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள், ஒரு மாதமும் வாடகை பாக்கி வைத்ததில்லை.

2021-ல் மூட்டையோடு வழுக்கி விழுந்து அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. அரசு மருத்துவமனையில் கம்பி வைத்தார்கள், வைத்தியத்துக்குப் பணம் போகவில்லை, ஆனால் வருமானம் நின்றுவிட்டது. வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார்கள், வீட்டுக்காரரும் நல்லவர்தான், சம்மதித்தார். வாடகையும் கரண்ட் பில்லும் சேர்ந்து ஒன்பதாவது மாதத்திலேயே அட்வான்ஸ் கரைந்தது. காலி செய்தபோது அவர்கள் கையில் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குச் சென்னையில் பெரும்பாலும் இருக்கும் ஒரே சேமிப்பு அந்த அட்வான்ஸ்தான். தங்கம் அடகுக்குப் போய்விடும், சீட்டுப் பணம் விசேஷத்துக்குப் போய்விடும், வீட்டுக்காரரிடம் இருப்பது மட்டும்தான் கை படாமல் இருக்கும். அது கரைந்துவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போக வழியே கிடையாது, மாத வாடகை கொடுக்கும் அளவுக்குச் சம்பளம் வந்தாலும்கூட. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. நான் அலைந்த தெருக்களில் அதைச் சொல்லிப் பார்த்தேன். "அப்ப அந்தச் சட்டத்துலயே போய்க் குடியிருக்கச் சொல்லுங்க" என்றார் ஒருவர்.

தங்கச்சி வீட்டில் நாலு மாதம், அங்கேயும் மனக்கசப்பு வந்ததும் 2022 அக்டோபர் தொடக்கத்தில் ஒரு மூடிய கடை வாசலில் தார்ப்பாய் கட்டிக்கொண்டார்கள். ஏழு வாரம் அங்கே இருந்தார்கள். நவம்பர் மழையில் குழந்தைக்கு நெஞ்சுச் சளி கட்டி மருத்துவமனைக்குப் போனபோது அங்கிருந்த ஒரு செவிலியர்தான் எங்களுக்குத் தகவல் சொன்னார்.

முதல் தங்கல்: 153 நாள்

2022 நவம்பர் கடைசியில் வந்தார்கள். எங்களிடம் அப்போது இடம் இல்லை. முதல் பதினொரு நாள் தாயும் பிள்ளைகளும் பெண்கள் காப்பகத்தில், அவர் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஆண்கள் காப்பகத்தில். தினமும் சாயங்காலம் ஊன்றுகோலோடு நடந்து வந்து கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டு எட்டு மணிக்குத் திரும்புவார். இடம் கிடைத்ததும் எங்கள் கூடத்துக்கு மாற்றினோம்.

கூடம் என்றால் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் நீளமான இரண்டு அறை. குடும்பத்துக்குக் குடும்பம் பழைய சேலையைக் கம்பியில் போட்டு மறைத்துக்கொள்வார்கள். வந்த அன்றைக்கே அந்தப் பெண் ஜன்னல் கம்பியில் தூளி கட்டினார், தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்தார், அப்புறம் கேட்டார்: "அடுப்பு எங்க வைக்கலாம் மேடம்?" கூடத்துக்குள் அடுப்பு வைக்க அனுமதி இல்லை, சாப்பாடு வரும் என்றேன். சரி என்றார். ஆனால் அதற்கப்புறம் நாங்கள் பேசியதிலெல்லாம் அந்த அடுப்பு வந்துகொண்டே இருந்தது. பிள்ளைக்குப் பசித்த நேரத்தில் ஒரு தோசை ஊற்றிக் கொடுக்க முடியாத இடத்தை அவர் வீடு என்று எண்ணவே இல்லை, சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்.

நாங்கள் எடுத்த முதல் முடிவு பள்ளியைப் பற்றியது. பக்கத்துப் பள்ளிக்கு மாற்றலாம் என்று ஒரு யோசனை இருந்தது. கல்வி உரிமைச் சட்டப்படி மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்க மறுக்க முடியாது என்பதால் அது சுலபமாக நடந்திருக்கும். வேண்டாம் என்று முடிவு செய்தோம். வீடு போய்விட்டது, தெரு போய்விட்டது, வாத்தியாரும் கூட்டாளிகளுமாவது மாறாமல் இருக்கட்டும் என்று நினைத்தோம். பெண்களுக்கு மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021-லிருந்து கட்டணம் இல்லை என்பதால் தாய் தினமும் இரண்டு பஸ் மாறிக் கொண்டுபோய் விட்டார். இந்த முடிவு இன்றைக்கும் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் விலை என்னவென்றால், காலையில் இரண்டு மணி நேரமும் சாயங்காலம் இரண்டு மணி நேரமும் பஸ்ஸில் போய்விடுவதால் அவரால் எந்த வேலையிலும் சேர முடியவில்லை. ஐந்து மாதமும் சம்பாத்தியம் இல்லை. அதற்கு மாற்று என்ன என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

இரண்டாவது முடிவுதான் தவறு. காகித வேலைகளை ஒன்றன் பின் ஒன்றாக எடுத்தோம். முதலில் அவர் கால் சரியாகட்டும், அப்புறம் ஆதார், அப்புறம் ரேஷன் கார்டு, அதற்கப்புறம் வீடு தேடலாம் என்று ஒரு வரிசை. கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அவருடைய பெயர் ஊரில், திருவண்ணாமலை மாவட்டத்தில், அம்மாவின் கார்டில் இருந்தது. மனைவி பெயர் தன்னுடைய அப்பா கார்டில். பிள்ளைகள் எந்தக் கார்டிலும் இல்லை. ஆறு வருஷம் வாடகை வீட்டில் இருந்தும் தனிக் கார்டு வாங்க முடியாததற்குக் காரணம், வீட்டுக்காரர் வரி ரசீது நகலைக் கொடுக்க யோசித்ததுதான். இதையெல்லாம் மார்ச் மாதம்தான் கேட்டே தெரிந்துகொண்டோம். வந்த முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஏப்ரலில் மாதாந்திரக் கூட்டம். ஐந்து மாதம் ஆகிவிட்டது, வெளியே மூன்று குடும்பம் காத்திருக்கிறது, இந்தக் குடும்பம் எப்போது கிளம்பும் என்று கேள்வி வந்தது. யாரும் வெளியேறுங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நான் அந்தப் பெண்ணிடம் போய் "ஏதாவது வீடு பார்த்தீங்களா?" என்று வாரத்துக்கு இரண்டு தடவை கேட்டேன். அப்படிக் கேட்பதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். ஏப்ரல் கடைசியில், பள்ளி லீவு விட்ட கையோடு, கிளம்பிவிட்டார்கள். பதிவேட்டில் 'வாடகை வீட்டுக்குச் சென்றனர்' என்று என் கையால் எழுதினேன்.

வெளியே 50 நாள்

வீடு தகரக் கூரை போட்ட ஒரு அறை, வாடகை 3,000, அட்வான்ஸ் 10,000. அட்வான்ஸுக்குத் தண்டல் வாங்கியிருந்தார்கள். பத்தாயிரம் என்று பேர், கையில் வந்தது 8,500, மீதியை முதலிலேயே வட்டி என்று பிடித்துக்கொண்டார்கள். தினமும் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். குறைந்த 1,500-ஐ தங்கச்சியிடம் வாங்கினார்கள். அவர் காலை இழுத்துக்கொண்டே வேலைக்குப் போனார், வண்டி ஓட்ட முடியாததால் கூலி பாதி.

மே மாதம் தகரத்தடியில் எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, அவருக்குக் காலில் வீக்கம், இரண்டு வாரம் வேலையில்லை. தண்டல் 38 நாள் கட்டினார்கள், 39-வது நாளிலிருந்து முடியவில்லை. வாடகையை மறுபடியும் அட்வான்ஸில் கழித்தார்கள். முன்பு ஒன்பது மாதத்தில் நடந்தது இப்போது ஏழு வாரத்தில் நடந்து முடிந்தது.

இந்த 50 நாளில் நாங்கள் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. போன் செய்தேன், "நல்லா இருக்கோம் மேடம்" என்றார், அதை எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது தங்கல்: 267 நாள்

2023 ஜூன் மூன்றாவது வாரம், பள்ளிக்கூடம் திறந்த அதே வாரம், சனிக்கிழமை மத்தியானம் கேட்டில் நின்றார்கள். தகரப் பெட்டி இல்லை, தண்டல்காரரிடம் போய்விட்டிருந்தது. மூத்தவள் என்னை நேராகப் பார்க்கவில்லை. ஆறாம் வகுப்புக்கு இன்னும் சேரவில்லை என்று தம்பிதான் சொன்னான்.

பதிவேட்டில் புது எண் போட்டோம். நாள் 1.

இந்த முறை அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் பெண்ணோடு உட்கார்ந்தேன். "இங்கேயிருந்து போய்த் திரும்பி வராம இருக்கணும்னா உங்களுக்கு என்னென்ன வேணும்?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை, விரல் விட்டுச் சொன்னார்: தண்டல் முடியணும், அவருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை வேணும், எனக்கு மாசச் சம்பளம் வேணும், கார்டு வேணும், அட்வான்ஸ் வேணும், ஓட்டு வீடோ மாடி வீடோ பரவாயில்லை தகரம் மட்டும் வேண்டாம். ஆறு. முந்தைய ஐந்து மாதத்தில் நான் எழுதிய எந்தக் குறிப்பிலும் இவ்வளவு தெளிவாக இல்லை.

ஆறையும் அந்த வாரமே தொடங்கினோம். எது முன்னால் எது பின்னால் என்று பார்க்கவில்லை.

தண்டல்காரர் எங்கள் கேட்டுக்கே வந்தார். 6,200 பாக்கி. எங்கள் பொறுப்பாளர் அவரோடு டீக்கடையில் உட்கார்ந்து பேசினார், வட்டி மேல் வட்டி வேண்டாம், வாரம் 300 வரும் என்று முடிந்தது. நவம்பரில் அது முடிந்தது, தகரப் பெட்டியும் திரும்பி வந்தது. மூத்தவளை இந்தத் தடவை காப்பகத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தோம், எப்படியும் ஆறாம் வகுப்புக்குப் பள்ளி மாறத்தான் வேண்டும். தம்பியையும் அதே தெருவில் மூன்றாம் வகுப்பில் போட்டோம். ஆகஸ்டிலிருந்து அவனுக்குப் பள்ளியிலேயே காலைச் சிற்றுண்டி. பஸ் அலைச்சல் நின்றதும் அந்தப் பெண் ஒரு தனியார் மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார், மாதம் 8,500.

அவருக்கு வேலை கிடைக்க அக்டோபர் ஆனது. கிடங்கு ஒன்றில் ராத்திரிக் காவல், 8,000. மனைவி பகலில், அவர் ராத்திரியில், அதனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கவில்லை. ஆனால் பகல் முழுக்க நாற்பது பேர் நடமாடும் கூடத்தில் அவர் தூங்க வேண்டும். மூலையில் வேட்டியைத் தொங்கவிட்டு, தூளியிலிருந்து ஒரு கயிறை இழுத்துக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு படுப்பார். குழந்தை சிணுங்கினால் கண்ணைத் திறக்காமலே கால் ஆடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் மதிய நேரத்தில் அந்த மூலைப் பக்கம் டிவி போடக் கூடாது என்று ஒரு விதி வைத்தோம். ராத்திரி வேலைக்காரர்கள் பகலில் தூங்க ஒரு அறை வேண்டும் என்பது அதுவரைக்கும் எங்களுக்குத் தோன்றியதில்லை.

ரேஷன் கார்டுதான் இழுத்தது. முதலில் ஆதாரில் முகவரி மாற்ற வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் கொடுக்கும் சான்றிதழை ஆதாருக்கு முகவரிச் சான்றாக ஏற்றுக்கொள்கிறார்கள், இது பலருக்குத் தெரியாது, எங்களிலேயே இரண்டு பேருக்குத் தெரியவில்லை. அது ஐந்து வாரத்தில் முடிந்தது. ஊரில் இரண்டு கார்டிலும் பெயர் நீக்கச் சான்று வாங்க ஏழு வாரம். ஒரு தடவை ஊருக்குப் போய்வர இரண்டு பேருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும். விண்ணப்பித்த பிறகு ஆய்வுக்கு வந்தவர், தனிச் சமையலறை இல்லை என்று எழுதிவிட்டுப் போனார், நிராகரிப்பு வந்தது. அந்தப் பெண் சொன்னார், "அன்னிக்கே அடுப்பு கேட்டேனே மேடம்." நான் பதில் சொல்லவில்லை. திங்கட்கிழமை மனு நாளில் நேராகப் போய், வீடே இல்லாதவர்களிடம் சமையலறை கேட்டால் எப்படி என்று எழுதிக் கொடுத்தோம், பின்கட்டில் ஒரு ஷெட்டைக் குடும்பங்கள் சமைக்க ஒதுக்கி அதையும் காட்டினோம். இரண்டாவது ஆய்வுக்குப் பிறகு நவம்பரில் கார்டு வந்தது. அந்த ஷெட் இப்போதும் இருக்கிறது, மாலையில் நாலைந்து குடும்பம் முறை வைத்துச் சமைக்கிறது.

கார்டு தாமதமானதில் நேர்ந்த நட்டம் என்ன என்று எழுதியே ஆக வேண்டும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய், 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அதற்கான விண்ணப்பம் ஜூலை, ஆகஸ்டில் ரேஷன் கார்டை வைத்துத்தான் வாங்கினார்கள். 2022 டிசம்பரிலேயே கார்டு வேலையைத் தொடங்கியிருந்தால் அதற்குள் கையில் வந்திருக்க வாய்ப்பு இருந்தது. வரிசை போட்டு வேலை செய்ததில் அந்தப் பெண்ணின் கைக்கு வராமல் போன பணம் அது, எங்களுக்கு ஒன்றும் போகவில்லை. மறுபக்கம், டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியபோது அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் புதுக் கார்டில் நேராகக் கிடைத்தது. ரேஷன் கடையில் வாங்கி வந்து அதை எண்ணாமல் அப்படியே என்னிடம் காட்டிவிட்டு, அஞ்சலகக் கணக்கில் போட்டார்.

வீடு தேடியது

ஜனவரியில் தொடங்கி ஏழு வாரம், 19 வீடு. நான் பாதிக்குக் கூடப் போனேன். எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்: எத்தனை பேர், என்ன ஆளுங்க, இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க. இரண்டாவது கேள்விக்குச் சாதி என்று அர்த்தம், மூன்றாவதுக்குக் காப்பகம் என்று சொன்னதும் கதவு சாத்தியதுபோல முகம் மாறும். ஒரு அம்மா மட்டும் வேறு மாதிரி கேட்டார், "ராத்திரி காவலுக்குப் போறாரா, அப்ப பகல்ல வீட்ல ஆள் இருக்கும், நல்லது" என்றார். அந்த வீடுதான் அமைந்தது. மாடியில் ஒரு அறையும் சின்ன சமையல் மேடையும், வாடகை 4,000. நாற்பதாயிரம் அட்வான்ஸ் கேட்டவர் 25,000-க்கு இறங்கினார்.

அந்த 25,000: நிவாரணம் 6,000, அவர்கள் சேர்த்தது 11,000, எங்கள் நிறுவனத்துக்குத் தெரிந்த ஒருவர் கொடுத்தது 8,000. இரண்டு சம்பளம் வந்தும் 11,000-தானா என்று கேட்கலாம். அவருக்கு வேலை வந்ததே அக்டோபரில்தான். தங்கச்சிக்குத் திருப்பியது, அடகுத் தோட்டை மீட்டது, ஊரில் அம்மாவுக்கு அனுப்பியது எல்லாம் போக மிஞ்சியது அவ்வளவுதான்.

இதற்கிடையில் வாழ்விட வாரியக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்றும் பேசினோம். பெரும்பாக்கம் போல ஒரு இடம் கிடைத்தால் வேலை செய்யும் இடத்திலிருந்து 25 கிலோமீட்டர் தூரம் இருக்கும், ராத்திரிக் காவல் வேலை போய்விடும். வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள், நாங்கள் வற்புறுத்தவில்லை.

2024 மார்ச் இரண்டாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடிபோனார்கள்.

கணக்கைத் திரும்பிப் பார்த்தபோது

ஆண்டறிக்கைக்கு எண்கள் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. பதிவேட்டில் இது இரண்டு குடும்பம். ஒன்று 153 நாள், இன்னொன்று 267 நாள், சராசரி 210. இரண்டுமே 'வாடகை வீட்டுக்குச் சென்றனர்', அதாவது இரண்டு வெற்றி. உண்மையில் ஒரு குடும்பம், 420 நாள், நடுவில் ஒரு வீழ்ச்சி. ஏப்ரலில் நான் கொடுத்த அழுத்தம் அறிக்கையில் தங்கல் காலத்தைப் பாதியாகக் குறைத்துக் காட்டியது, குடும்பத்துக்கோ ஒரு தண்டல் கடனையும் ஒரு பெண் குழந்தையின் கூச்சத்தையும் கொடுத்தது.

நியூயார்க்கில் 1981-ல் ஒரு நீதிமன்ற ஒப்பந்தம் வழியாகத் தங்குமிடத்துக்கான உரிமை வந்தது, அந்த நகராட்சி வருஷா வருஷம் தங்கல் நாட்களை வெளியிடுகிறது. 2022 நிதியாண்டில் பிள்ளைகளோடு வந்த குடும்பங்களின் சராசரி 534 நாள். அந்த ஊர் வாடகையும் சட்டமும் வேறு, நம்மோடு வைத்துப் பார்க்க முடியாது. ஆனால் அவ்வளவு பெரிய எண்ணை மறைக்காமல் சொல்கிறார்கள், அதனால்தான் எதனால் இவ்வளவு நாள் என்று அங்கே சண்டை போட முடிகிறது. நம்மிடம் குடும்பங்களின் நாள் கணக்கைக் கேட்டால் கட்டில் எத்தனை, தினமும் எத்தனை பேர் படுத்தார்கள் என்றுதான் சொல்ல வருகிறது.

420 நாளையும் பிரித்துப் பார்த்தேன். இந்தக் குடும்பம் நாளைக் கழிக்கவில்லை, காத்திருந்தது. ஆதாருக்கு ஐந்து வாரம், பெயர் நீக்கத்துக்கு ஏழு வாரம், நிராகரிப்புக்கும் மறு ஆய்வுக்கும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு மேல், வேலைக்கு நாலு மாதம், வீட்டுக்கு ஏழு வாரம். இவற்றில் பாதியை முதல் வாரத்திலேயே சேர்த்துத் தொடங்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் ஏழெட்டு மாதத்தில் முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு. காலும் அட்வான்ஸும் எப்படியும் அவ்வளவு நாள் எடுத்திருக்கும், அதைக் குறைத்திருக்க முடியாது.

மாற்றியவை

பதிவேட்டில் 'முன்பு தங்கிய எண்' என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம், திரும்பி வருபவர்களின் நாட்கள் பழைய எண்ணோடு கூட்டப்படும். வந்த மூன்று நாளுக்குள் அந்த ஒரு கேள்வியை, திரும்பி வராமலிருக்க என்ன வேண்டும் என்பதை, மனைவியிடமும் கணவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறோம். இரண்டு பேரும் ஒரே பட்டியல் சொல்வதில்லை. யார் பெயர் எந்தக் கார்டில் இருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிறோம். வீட்டுக்குப் போனவர்களை முதல் மூன்று மாதம் மாதம் இருமுறை நேரில் போய்ப் பார்க்க ஒரு ஆளை ஒதுக்கியிருக்கிறோம், போனில் விசாரிப்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அட்வான்ஸுக்கு வட்டியில்லாமல் சுழலும் ஒரு சிறு நிதி தொடங்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகப் பேசுகிறோம், இன்னும் தொடங்கவில்லை. இது பெரிய குறை.

மாதக் கூட்டத்தில் 'எப்போது கிளம்புவார்கள்' என்ற கேள்வி இன்னமும் வருகிறது. காத்திருக்கும் குடும்பங்கள் இருப்பதால் வரத்தான் செய்யும். பதிலாக இப்போது எந்த வேலை எந்த மேசையில் எத்தனை நாளாக நிற்கிறது என்று வாசிக்கிறோம்.

இப்போது

குடிபோன ஆறாவது மாதம் போய்ப் பார்த்தேன். வாடகை இரண்டு தடவை பத்து நாள் தாமதம், வீட்டுக்கார அம்மா அட்வான்ஸில் கழிக்க ஒத்துக்கொள்ளவில்லை, மெதுவாகக் கொடு என்று விட்டிருக்கிறார். கணவர் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மூத்தவள் பள்ளி நோட்டின் முதல் பக்கத்தில் கதவு எண்ணோடு முழு முகவரி எழுதியிருந்தாள். காப்பகத்தில் இருந்தபோது அந்த இடத்தில் 'பாட்டி வீடு' என்று எழுதி வைத்திருந்தவள். உரிமைத் தொகைக்கான மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. கிளம்பும்போது அந்தப் பெண், "இருங்கக்கா, சூடா இருக்கு" என்று தட்டில் இரண்டு தோசை வைத்தார்.